விழுந்த மரங்களை எண்ணிய வகுப்பு

கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை. ஆலங்குடிப் பக்கம் உள்ள எங்கள் நடுநிலைப் பள்ளி அதன்பின் திறந்தபோது ஏழாம் வகுப்பில் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். கரண்ட் இல்லை. வாசல் வேப்ப மரம் வேரோடு சாய்ந்து சுற்றுச்சுவர் மேல் கிடந்தது. அறிவியல் புத்தகத்தைத் திறக்கவே மனசு வரவில்லை. "உங்க வீட்டுல, கொல்லையில என்னென்ன மரம் விழுந்துச்சு? எழுதிக் குடுங்க" என்றேன். பிள்ளைகள் மனசில் இருப்பதை இறக்கி வைக்கட்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான்: "பலா 5. தென்னை 38. தேக்கு 2. முருங்கை 1. முருங்கை அம்மா வச்சது." இன்னொரு பெண் எழுதியது இரண்டே வரி. "எங்களுக்கு மரம் இல்லை. பக்கத்து வீட்டு மரம் எங்கள் வீட்டு மேல் விழுந்தது."

அந்தத் தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போனேன். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்த பிறகு, ஒரு எழுத்தும் திருத்தாமல் தட்டச்சு செய்து என் வலைப்பூவில், அதாவது பிளாகில், போட்டேன். அதற்கு முன்பே மூன்று வருடமாக எனக்கு ஒரு வலைப்பூ இருந்தது. ஆனாலும் எப்போது எழுதத் தொடங்கினீர்கள் என்று யாராவது கேட்டால் அந்த டிசம்பர் மாதத்தைத்தான் சொல்கிறேன்.

வலைப்பூ திறந்தது 2015இல். அந்த அக்டோபரில் புதுக்கோட்டையில் தமிழ் வலைப்பதிவர் திருவிழா நடந்தது. எங்கள் மாவட்டத்தில் வலைப்பூ எழுதும் ஆசிரியர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒரு தோழி கூப்பிட்டார் என்று போனேன். மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போலப் பள்ளிக்கூடத்துக்காரர்கள். அதைப் பார்த்ததும் ஒரு தைரியம் வந்தது. என் அம்மா 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் வந்தபோது சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டவர். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் அப்படிக் கற்றுக்கொண்டார்கள். அம்மா முதல் வாரம் கண்மாய்க் கரையில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்ததும், ஒரு மாதத்தில் பின்சீட்டில் என்னையும் ஹேண்டிலில் தண்ணீர்க் குடத்தையும் வைத்துக்கொண்டு வந்ததும் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கை நடுங்கும்போதெல்லாம் அந்தச் சைக்கிளை நினைத்துக்கொள்வேன்.

சரி, திறந்தேன். என்ன எழுதுவது? ஆசிரியர் தின வாழ்த்து, கலாம் பொன்மொழிகள், நாளொரு குறள், எங்கிருந்தோ எடுத்த உடல்நலக் குறிப்புகள், யாரோ அனுப்பிய வினாத்தாள். மூன்று வருடத்தில் நாற்பது பதிவு இருக்கும். எல்லாமே வேறு இடத்திலும் கிடைப்பவை. நானே ஒரு முறைகூடத் திரும்பிப் படித்ததில்லை. வலைப்பூ தொடங்கும் ஆசிரியர்கள் பலரும் இங்கேதான் நின்றுபோகிறார்கள். நேரம் இல்லை என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில், சொந்தமாகச் சொல்ல ஒன்று கையில் இல்லாததுதான் காரணம்.

மரப் பட்டியலுக்குப் பின்னூட்டங்கள் வந்தன. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், "எங்க வீட்டுப் பலா மரத்தையும் பட்டியல்ல சேத்துக்குங்க டீச்சர். நான் பொறந்தப்ப எங்க அப்பா வச்சது" என்று எழுதினார். அதை மறுநாள் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். தான் எழுதிய தாளை அவ்வளவு தூரத்தில் ஒருவர் படித்திருக்கிறார் என்று தெரிந்ததும், முருங்கை எழுதிய அந்தப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்க்க வேண்டும்.

எனக்குக் கிடைத்தது வேறொன்று. தட்டச்சு செய்வதற்காக ஒவ்வொரு தாளையும் எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டியிருந்தது. வகுப்பில் நோட்டுத் திருத்தும்போது அப்படிப் படிப்பதில்லை. சரியா தப்பா என்று பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவோம். அன்று உட்கார்ந்து படித்ததில், மூன்று பேர் எண்ணிக்கையைச் சரியாக எழுதிவிட்டு மரத்தின் பெயரை எழுதத் தெரியாமல் படம் வரைந்திருந்தது தெரிந்தது. ஆறாம் மாதத்திலிருந்து அவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாது. கடைசி வரிசையில் வாயே திறக்காத ஒரு பெண், பூவரசு, ஒதியன், நுணா, வாதமடக்கி என்று பதினோரு மரங்களின் பெயரை எழுதியிருந்தாள். அதுவும் எனக்குத் தெரியாது. "பனை ஒண்ணுகூட விழல" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அதை வைத்து அடுத்த வாரம் முழுக்க வேர், தண்டு, காற்றின் விசை என்று பாடம் போனது. பட்டியலை அட்டவணையாக்கினோம், பட்டை வரைபடம் போட்டோம், எந்த மரம் ஏன் விழுந்தது என்று சண்டை போட்டோம்.

வலைப்பூ எழுதுவது ஆசிரியருக்கு எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். எழுத வேண்டும் என்பதற்காக நம் வகுப்பை இன்னொரு முறை பார்க்கிறோம். முதல் முறை பார்த்தபோது தவறவிட்ட பிள்ளை அப்போது கண்ணில் படுகிறது. படிக்க யாரும் வராவிட்டாலும் அந்த லாபம் நமக்கு உண்டு.

இனி கைவேலைக்கு வருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது எழுத்துருவில்தான். நான் தமிழ்த் தட்டச்சு லோயர் முடித்தவள். வினாத்தாள்களை டிடிபி கடையில் வானவில் எழுத்துருவில் அடித்து வாங்கி பென்டிரைவில் வைத்திருந்தேன். அதை அப்படியே எடுத்து வலைப்பூவில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் கமாவும் ஆச்சரியக்குறியுமாக வந்து நின்றது. வைரஸ் என்று நினைத்து கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். விஷயம் சாதாரணம். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்திருக்கும். அந்த எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும், இல்லாத இடத்தில் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் இருக்கின்றன, அதனால் எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும். பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தர என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. பத்து வருடத்து வினாத்தாள்களை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாற்றி எடுத்தேன். மாற்றியதும் ஒரு முறை படித்துப் பார்த்துவிடுங்கள். கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறியிருக்கும்.

தட்டச்சுக்கு நான் தமிழ் 99 விசைப்பலகைக்கு மாறினேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிர் பன்னிரண்டும் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழும். ந அடித்துத் த அடித்தாலும் அப்படியே. 'பந்து' எழுத ப, ந, த, உ என்று நாலு தட்டு போதும். 'அம்மா'வுக்கும் நாலே தட்டு. ஆங்கில எழுத்தில் 'ammaa' என்று ஒலிபெயர்த்து அடித்துப் பழகியவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை, எப்படியாவது எழுதினால் சரி. ஆனால் மொழி ஆசிரியர்களும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் தமிழ் 99 பழகினால் நல்லது என்று உறுதியாக நினைக்கிறேன். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை விரல் ஒவ்வொரு எழுத்திலும் செய்து காட்டுகிறது. பிள்ளைகளை அருகில் உட்காரவைத்துக்கொண்டு அடித்தால் அதுவே ஒரு பாடம். தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் கை பழகிவிடும்.

போனில் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி இப்போது தமிழிலும் நன்றாகவே இருக்கிறது. மாலை பஸ்ஸில் வரும்போது அன்று வகுப்பில் நடந்ததை மெதுவாகப் பேசிவைத்துவிடுவேன். மறந்துபோகாது. வீட்டுக்கு வந்து ல, ள, ழவையும் ர, றவையும் கட்டாயம் பார்க்க வேண்டும். எங்கள் ஊர்ச் சொற்கள் அதற்குப் பிடிபடாது. 'வாதமடக்கி' என்று நான் எத்தனை முறை சொல்லியும் அது சரியாக எழுதவில்லை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் நான் பெரிய நஷ்டம் பட்டிருக்கிறேன். வலைப்பூ திறக்க மின்னஞ்சல் கணக்கு வேண்டும். என்னிடம் அப்போது ஸ்மார்ட்போன் இல்லை. ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்த தம்பி கணக்கைத் திறந்து கொடுத்தார். உறுதிப்படுத்த ஒரு போன் எண் கேட்டது, அவசரத்துக்குத் தன் எண்ணையே போட்டுவிட்டார். நல்ல மனசோடுதான் செய்தார். 2019 கோடை விடுமுறையில் புதுப் போன் வாங்கி, உள்ளே போகப் பார்க்கிறேன், கடவுச்சொல் ஏற்கவில்லை. மாற்றுவதற்கான எண் அந்தத் தம்பி எப்போதோ விட்டுவிட்ட சிம்முக்குப் போகிறது. அந்தக் கடையும் மூடிவிட்டார்கள். நாற்பது பழைய பதிவு போனதில் எனக்கு வருத்தமில்லை. மரப் பட்டியலும் அதன்பின் எழுதிய பதினேழு பதிவுகளும் என் கையைவிட்டுப் போயின. படிக்கலாம், ஒரு எழுத்தை மாற்ற முடியாது. ஒவ்வொன்றாக நகலெடுத்துப் புது வலைப்பூவில் சேர்த்தேன். பின்னூட்டங்களில் பாதியைத்தான் சேர்க்க முடிந்தது.

அதனால் மின்னஞ்சல் உங்கள் போனில், உங்கள் எண்ணில், உங்கள் கையால் திறந்ததாக இருக்கட்டும். கடவுச்சொல்லை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள். என் வலைப்பூ இருக்கும் பிளாகர் தளத்தில் மொத்தப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள அமைப்புகள் பகுதியில் வழி இருக்கிறது. பருவத் தேர்வு முடியும்போதெல்லாம் நான் இறக்கி பென்டிரைவில் வைத்துவிடுகிறேன்.

வகுப்பறைத் தொழில்நுட்பம் என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது புரொஜெக்டர். அதில் முதல் நாள் நான் செய்தது முழுத் தோல்வி. ஒயர் எட்டவில்லை, ஜன்னலை மூடப் பாய் கொண்டுவர ஆள் போனது, சத்தம் வரவில்லை. அன்றிரவு பதிவில் நேரத்தைக் கணக்கிட்டு எழுதினேன். நாற்பது நிமிடப் பாட வேளையில் இருபத்திரண்டு நிமிடம் ஒயருக்கே போயிருந்தது. அப்படி எண்ணாக எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதிலிருந்து முந்தைய நாள் மாலையே போட்டுப் பார்த்துவிடுவேன். வீடியோவை டவுனிலேயே இறக்கி வைத்துக்கொள்வேன். 2018இல் ஆறாம் வகுப்புப் புதுப் புத்தகங்களில் க்யூஆர் கோடு வந்தபோது ரொம்பச் சந்தோஷப்பட்டேன், ஆனால் எங்கள் வகுப்பறைக்குள் சிக்னல் கிடைக்காது. பஸ் ஸ்டாண்டில் நின்று ஸ்கேன் செய்து இறக்கிக்கொண்டு போவேன்.

அந்தத் தோல்விக்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. எந்தக் கருவியையும் எடுக்கும் முன், இந்தப் பாடத்தில் கரும்பலகையால் காட்ட முடியாத இடம் எது என்று ஒரு வரி எழுதிப் பார்ப்பேன். அந்த வரி வரவில்லை என்றால் கருவியைத் தொடுவதில்லை.

2019 டிசம்பர் 26 கங்கண சூரிய கிரகணத்துக்கு அந்த வரி தானாகவே வந்தது. கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக வளையம் தெரியும் பாதை போகிறது என்று ஆறு மாதம் முன்பே பேச்சு. அரையாண்டுத் தேர்வு முடிந்த கடைசி நாள் பிற்பகல், மடிக்கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, ஊரைப் புதுக்கோட்டை என்றும் தேதியை 26 என்றும் வைத்து நேரத்தை ஓடவிட்டேன். இணையம் தேவையில்லை. நிலா மெல்ல நகர்ந்து சூரியனுக்குள் போய் வளையமாக நின்றதும் பிள்ளைகள் கத்திய கத்தில் பக்கத்து வகுப்பு சார் வந்து எட்டிப் பார்த்தார். நிலா பூமியிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் காலம் அது, அதனால் சூரியனை முழுசாக மறைக்க அதற்கு அளவு போதவில்லை என்பதைக் கரும்பலகையில் வட்டம் போட்டு எத்தனை வருடம் சொல்லியிருப்பேன்! அன்றுதான் புரிந்தது என்று முகத்தில் தெரிந்தது.

26 அன்று விடுமுறை. இருந்தும் பத்தொன்பது பேர் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். அறிவியல் இயக்க நண்பர்கள் கொடுத்த சூரியக் கண்ணாடி ஆறுதான் இருந்தது. முறை வைத்துப் பார்த்தோம். மற்றவர்கள் சும்மா நிற்க வேண்டாம் என்று ஊசித்துளை அட்டை செய்து கொடுத்தேன். ஒரு பெண் வீட்டிலிருந்து இட்லித் தட்டை எடுத்து வந்திருந்தாள். "இதுலயும் ஓட்டை இருக்கு டீச்சர்" என்றாள். தரைக்குப் பக்கத்தில் தாழ்த்திப் பிடித்தால் ஓட்டைகள் வெறும் ஓட்டைகளாகவே விழுந்தன. தலைக்கு மேல் தூக்கிப் பிடித்ததும் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு பிறையானது. இடையிடையே மேகம் வந்து மறைத்தது. ஒன்பதரையை ஒட்டி பிறைகளின் இரண்டு முனையும் நீண்டு நீண்டு ஒன்றோடொன்று சேர்ந்தன. அப்போது புங்க மரத்தடியில் நின்ற ஒருவன், "டீச்சர், தரை பூரா வளையல்!" என்று கூவினான். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளையாகி, மண்ணில் நூற்றுக்கணக்கான வளையங்கள் கிடந்தன. காற்று அசைந்தால் எல்லாம் சேர்ந்து அசைந்தன. அதைப் பார்த்த அந்த ஒன்றிரண்டு நிமிடத்தை என்னால் மறக்கவே முடியாது.

அன்று இரவே பதிவு எழுதினேன். இட்லித் தட்டை எவ்வளவு உயரத்தில் பிடித்தோம் என்பதிலிருந்து எல்லாம் எழுதினேன். நான் செய்த தவறையும் எழுதினேன். கங்கண கிரகணத்தில் வளையம் தெரியும்போதும் வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது என்பதைத் தனியாக அழுத்திச் சொல்லத் தவறிவிட்டேன். நல்லா மறைஞ்சிருச்சே என்று ஒரு பையன் அண்ணாந்தபோது ஓடிப்போய்க் கண்ணைப் பொத்தினேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. நன்றாக நடந்ததை மட்டும் எழுதினால் அடுத்த ஆசிரியருக்கு அதில் பாதி உதவிதான். 2020 ஜூன் 21 கிரகணம் தமிழ்நாட்டில் பகுதியாகத் தெரிந்தபோது வேறு மாவட்டத்து ஆசிரியை ஒருவர் தன் வீட்டு மொட்டை மாடியில் இட்லித் தட்டோடு நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தார். தரையில் வரிசையாகப் பிறைகள். கீழே, "கண் எச்சரிக்கையை முதல் வரியிலேயே சொல்லிட்டேன் டீச்சர்" என்று எழுதியிருந்தார்.

செலவே இல்லாத இன்னொன்றைச் சொல்கிறேன், நாளைக்கே செய்து பார்க்கலாம். போன் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். விரலை நனைத்து, கடுகளவு ஒரு சொட்டு திரையில் வையுங்கள். சொட்டு லென்ஸாக மாறி, உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறமும் தனித்தனியாக மின்னும். எட்டாம் வகுப்பில் ஐந்து பேருக்கு ஒரு போனாகச் சுற்றவிட்டேன். "வெள்ளையே இல்லையே டீச்சர் இதுல!" என்றாள் ஒருத்தி. அவள் கேட்ட கேள்வியிலிருந்துதான் அன்றைய பாடம் தொடங்கியது. அப்புறம் செய்தித்தாளின் வண்ணப் படத்தின் மேல் அதே போலச் சொட்டு வைத்தோம், அங்கே வேறு நிறப் புள்ளிகள். அது ஏன் என்று அவர்களே தேடட்டும் என்று விட்டேன்.

படங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மரப் பட்டியலுக்குப் பிறகு கொஞ்ச காலம் பிள்ளைகளின் முகம் தெரிய, பெயரோடு படங்களைப் போட்டேன். பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு நாள் மாலை ஒரு பெண்ணின் அம்மா பள்ளி வாசலில் காத்துக்கொண்டிருந்தார். "போட்டோவ எடுத்துருங்க டீச்சர். அது யார் யார் போனுக்கோ போயிருக்கு" என்றார். கோபப்படவில்லை, பயந்திருந்தார். அவர் எதிரிலேயே நீக்கினேன். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் பரவிய படத்தை நான் எங்கே போய் அழிப்பது? அன்று முதல் என் பதிவுகளில் கைகள் இருக்கும், நோட்டு இருக்கும், முதுகுப் பக்கம் இருக்கும். முகமும் பெயரும் இருக்காது. புது வலைப்பூவில் சேர்த்த மரப் பட்டியலில் இருந்த பெயர்களையும் எடுத்துவிட்டேன். பெயர் இல்லாததால் பதிவின் உயிர் போய்விடவில்லை. முருங்கை அம்மா வச்சது என்ற வரிக்குப் பெயர் எதற்கு? இப்போது 2023இல் வந்த எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டத்துக்காக என்பதைவிட, அந்த அம்மா வாசலில் நின்ற நிலைக்காக இதைச் செய்யுங்கள் என்றுதான் ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இணையத்தில் கிடைக்கும் படத்தை எடுத்துப் போடும் பழக்கத்தையும் விட்டேன். சொந்தமாக எடுத்த படம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. தேவைப்பட்டால், எல்லோரும் பயன்படுத்தக்கூடிய படங்கள் இருக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் எடுத்து, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் கீழே போட்டுவிடுகிறேன்.

கொரோனா வந்து 2020 மார்ச்சில் பள்ளி மூடியது. எல்லோரையும் போல நானும் வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். முப்பத்து நாலு பிள்ளைகளில் பதிமூன்று வீட்டில்தான் ஸ்மார்ட்போன். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, கேபிள் இல்லாத வீடுகளும் இருந்தன. நான் ஐந்து வருடமாகக் கற்ற எல்லாமும் அந்த இருபத்தோரு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அந்த வேதனையில் ஒரு வாரம் எதுவும் எழுதவில்லை. அப்புறம் ஒரு வழி செய்தேன். வலைப்பூவில் இருந்த, வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளை ஒரு பக்கத்துக்கு ஒன்றாகச் சுருக்கி, ஜெராக்ஸ் எடுத்து, பால் சொசைட்டியிலும் பெட்டிக் கடையிலும் வைத்தேன். சாமான் வாங்க வரும் பிள்ளை ஒரு தாளை எடுத்துப் போகும். செய்து பார்த்ததை அதன் பின்பக்கமே எழுதி அங்கேயே வைத்துவிடும். அந்தத் தாள்களைச் சேகரித்துப் பதிவாக்கினேன். 2021 நவம்பர் 1 அன்று பிள்ளைகள் திரும்ப வந்தபோது, யார் யாருக்கு எழுத்து மறந்துபோயிருக்கிறது என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

இப்போது நடுநிலைப் பள்ளிகளுக்கும் கணினிகள் வந்துவிட்டன, ஆசிரியர்கள் கையில் கைக்கணினி இருக்கிறது. பயிற்சிகளும் நடக்கின்றன. நான் போன பயிற்சிகளில் பெரும்பாலும் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். அது தேவைதான். ஆனால் அந்தப் பொத்தானை எந்தப் பிள்ளைக்காக அழுத்துகிறோம் என்பதை ஒரு ஆசிரியர் இன்னொரு ஆசிரியருக்குச் சொல்ல இடமே இல்லாமல் போகிறது. அந்த இடம் வலைப்பூவில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் போட்டது மறுநாள் காலை வணக்கங்களுக்கு அடியில் போய்விடும். வலைப்பூவில் எழுதியது தேடுகிறவர் கையில் ஐந்து வருடம் கழித்தும் கிடைக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் கேட்பது பத்து வரிதான். இன்று எந்தப் பாடம், என்ன செய்தேன், ஒரு பிள்ளை சொன்னது என்ன, எங்கே தடுமாறியது. வாரத்துக்கு ஒன்று. அழகான முகப்பு, நிறம், விட்ஜெட் எல்லாம் இருபது பதிவு எழுதிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெளியிடுவதற்கு முன் ஒரு தோழியிடம் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை சொன்னதை பிள்ளையின் பேச்சிலேயே எழுதுங்கள், இலக்கணத்துக்கு மாற்ற வேண்டாம்.

எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கும் சார் ஒருவர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. "நமக்கு இதெல்லாம் எதுக்கும்மா" என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தவர். போன மாதம் சத்துணவு இடைவேளையில் வந்து, "ஒரு புள்ள ழ எழுதச் சொன்னா தினம் ஒரு விதமா எழுதுது. முப்பது நாளா அதோட சிலேட்ட பாத்துக்கிட்டு வர்றேன். இத எழுதினா யாராவது படிப்பாங்களா?" என்று கேட்டார். என் நாற்காலியை அவருக்குப் போட்டேன். தமிழ் 99இல் ழ எங்கே இருக்கிறது என்று அவரே தேடினார். வலக்கைப் பக்கம், கீழ் வரிசையின் கடைசியில். சுண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, திரையில் வந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. "சேமிச்சு வைம்மா, நாலு மணிக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.